ஸ்பிட்ஸ் நாய்க்கு இதயக் கோளாறு: லாசிக்ஸைக் குறைக்கலாமா?

கேட்டவர்: வெள்ளச்சி வீடு

எங்கள் ஸ்பிட்ஸுக்குப் பதினோரு வயது. ராத்திரியில் இருமல், மாடிப்படி ஏறினாலே மூச்சிரைப்பு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் மைட்ரல் என்ற வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். பிமோபென்டான், லாசிக்ஸ் (நீர் பிரிய வைக்கும் மருந்து), எனலாப்ரில் (ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்து) கொடுத்து வருகிறோம். இருமல் நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், கூடமெல்லாம் சிறுநீர். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடு என்கிறார் அம்மா. லாசிக்ஸைப் பாதியாக்கலாமா?

பதில்: பொமரேனியன் அக்கா

கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். லாசிக்ஸ் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும், அதனால்தான் அவளுக்கு அத்தனை தாகம். தண்ணீரையும் நிறுத்தினால் உடல் வறண்டு சிறுநீரகம் கெடும். எனலாப்ரிலும் சேர்ந்து போவதால் கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இருமல் குறைந்தது மருந்து வேலை செய்வதால்தான். நீங்களாகக் குறைத்தால் நுரையீரலில் மறுபடி நீர் கோத்துவிடும். அவள் அசந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். எங்கள் பொம்முவுக்குக் காலண்டர் தாளிலேயே தினமும் குறித்து வைத்தோம். மருந்தளவைக் கூட்டவும் குறைக்கவும் டாக்டர் முதலில் பார்த்தது அதைத்தான்.

பிமோபென்டானை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். இதயத் தசை வலுவாகச் சுருங்கவும் ரத்தக் குழாய்கள் விரியவும் உதவும் மருந்து அது. இந்த வால்வு நோயில் இதயம் பெரிதாகி, இன்னும் நீர் கோக்காத நாய்களுக்கே அதைக் கொடுத்துப் பார்த்த எபிக் ஆய்வு 2016இல் வந்தது. இதயம் செயலிழப்பது சுமார் 15 மாதம் தள்ளிப்போனதாம்.

கருவாடு, அப்பளம், சிப்ஸ் என்று உப்பு மிகுந்தது எதுவும் வேண்டாம். மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்த மருந்துகளோடு அது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

பதில்: மூன்று பூனை

பூனை வைத்திருப்பவர்கள் இந்தச் சீட்டைப் பார்த்து மருந்து வாங்கிவிடாதீர்கள். பூனைக்குப் பெரும்பாலும் இதயச் சுவர் தடிப்பதுதான் நோய். லாசிக்ஸ் அதற்கும் உண்டு, பிமோபென்டான் எல்லாப் பூனைக்கும் ஒத்துவராது. ரத்தம் உறையாமலிருக்க என் பூனைக்கு 75 மி.கி. குளோபிடோக்ரெல் மாத்திரையில் கால் பங்கு தருகிறோம். பயங்கரக் கசப்பு, நாக்கில் பட்டால் நுரை தள்ளிவிடும். அதனால் காலி கேப்ஸ்யூலில் போட்டுத்தான் கொடுப்போம். பின்னங்கால் திடீரென்று சில்லிட்டு இழுத்துக்கொண்டு கத்தினால், நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேட்டவர்: வெள்ளச்சி வீடு

நன்றி அக்கா. நேற்று எண்ணினேன், 24. டாக்டர் மருந்தளவை மாற்றவில்லை. ராத்திரி பத்து மணி லாசிக்ஸை ஏழு மணிக்கு மாற்றி, அடுத்த இரண்டு மணி நேரத்தில் இரண்டு தடவை வெளியே கூட்டிப்போகச் சொன்னார். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, அம்மாவும் சரி என்றுவிட்டார்.