ஒரே மூச்சிலா, மடக்கு மடக்காகவா? தண்ணீர் குடிப்பதில் உங்கள் அனுபவம் என்ன?

நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற வேலை எனக்கு. இடைவேளை கிடைக்கும்போதுதான் பாட்டிலைத் திறக்க முடியும். திறந்தால் முக்கால் லிட்டர் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். அடுத்த வகுப்பு பாதியில் வயிறு முட்டும். மணி அடிப்பதற்குள் சிறுநீர் நெருக்கும், அதுவும் பச்சைத் தண்ணீர் போல நிறமே இல்லாமல். ஆனால் மாலையில் பார்த்தால் நாக்கு வறண்டு, தலை கனத்து, சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கும். இவ்வளவு குடித்தும் ஏன் இப்படி என்று கேட்டபோது மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

தண்ணீர் இரைப்பையில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலுக்குப் போன பிறகுதான் பெரும்பகுதி ரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிற்றில் மொத்தமாக இறக்கினால் ரத்தம் சட்டென்று நீர்த்துப்போகும். உடனே மூளை வாசோபிரசின் ஹார்மோனைக் குறைத்துவிடும். சிறுநீரைக் கட்டுப்படுத்தி வைப்பது அந்த ஹார்மோன்தான். அது குறைந்ததும் சிறுநீரகம் வந்த தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. அதே அளவைப் பிரித்துப் பிரித்துக் குடித்தால் கூடுதலாக உடம்பில் தங்கும். இப்போது பாட்டில் மேசைமேலேயே இருக்கிறது. கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பும்போதெல்லாம் இரண்டு மடக்கு. மாலைத் தலைவலி நன்றாகவே குறைந்திருக்கிறது. மற்றவர்களும் எழுதுங்கள், குறிப்பாக வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

—

அக்கா, பெரியவர்கள் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய பிறகு, மசித்த சாப்பாடு சிரமமில்லாமல் இறங்கியது. வெறும் தண்ணீர்தான் புரையேறியது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் வந்து பார்த்துத்தான் சொன்னார்: விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அது ஒரு கணம் தாமதமாகிறது. கெட்டியான உணவு மெதுவாக நகர்வதால் அந்தத் தாமதத்துக்குக் காத்திருக்கும். தண்ணீர் காத்திருக்காது, நுரையீரல் பக்கம் வழிந்துவிடும். நிமோனியா வரைக்கும் போகலாம்.

அவர் அப்பாவை நேராக உட்காரவைத்து, கரண்டியில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொன்னார். தொண்டைப் புடைப்பின் மேல் இரண்டு விரலை லேசாக வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு "ஆ" என்று சொல்லச் சொன்னார். குரல் களகளவென்று ஈரமாக வந்தால் தண்ணீர் இன்னும் அங்கேயே நிற்கிறது, அடுத்த மடக்கு கூடாது. இருமல் வராமலேயே உள்ளே போவதும் உண்டாம், அதனால்தான் குரலைக் கேட்கிறார்கள். தாடையைத் தாழ்த்துவது எல்லாருக்கும் ஒத்துவராது, பரிசோதித்துத்தான் சொல்வார்கள். விழுங்கச் சிரமப்படுகிறவரைத் தயவுசெய்து அண்ணாக்கவைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

இன்னொன்று: அப்பா தாகம் என்று வாய்திறந்து கேட்டதே இல்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுமாம். கேட்கட்டும் என்று இருந்தால் கேட்கவே மாட்டார்கள்.

—

மாத்திரை விழுங்கும்போது குடிக்கிற தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் இரவு ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு உடனே படுத்துவிட்டாள். விடியற்காலையில் நெஞ்சின் நடுவில் கத்தி வைத்தது போல வலி, எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கியிருந்தது. இந்த மருந்தையும், எலும்புத் தேய்வுக்குத் தரும் அலெண்ட்ரோனேட்டையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும்போதே இதை அழுத்திச் சொல்ல வேண்டாமா?

—

அளவுக்கு மீறினாலும் ஆபத்து என்பதை நேரில் பார்த்தவன் நான். நெடுந்தூர ஓட்டத்தில் கூட ஓடிய நண்பர், தண்ணீர் வைத்திருந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று வயிறு முட்டக் குடித்தார். முடிக்கும் நேரத்தில் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது, வாந்தி, பேச்சில் குழப்பம். நீர்ச்சத்து குறைந்துவிட்டதென்று சுற்றி நின்றவர்கள் இன்னொரு பாட்டிலை நீட்டினார்கள். நல்லவேளை, மருத்துவக் குழு தடுத்து ரத்தத்தைச் சோதித்தது. சோடியம் தரைமட்டம். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனாலே குறைவு. வேகமாகச் சரிந்தால் மூளை வீங்கும். சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும், ஓடும்போது அதுவும் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் அதிகம். ஓடுகிறவர்கள் தாகத்துக்குக் குடியுங்கள், பந்தயம் போட்டுக் குடிக்காதீர்கள்.

—

முதலில் எழுதிய தோழிக்கு: மடக்கு மடக்காக என்பது எல்லாருக்கும் பொருந்தாது. அம்மாவுக்கு எழுந்து நின்றாலே ரத்த அழுத்தம் விழுந்து கண் இருட்டும். தன்னியக்க நரம்புக் கோளாறு, அதாவது ரத்த அழுத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் நரம்புகள் சரியாக வேலை செய்யவில்லை. காலையில் படுக்கையை விட்டு எழும்முன் அரை லிட்டரைச் சில நிமிடத்துக்குள் குடித்துவிடச் சொன்னார் மருத்துவர். இப்படிப்பட்டவர்களுக்கு அது அழுத்தத்தை ஒரு மணி நேரம் போலத் தூக்கிப் பிடிக்கும். அம்மா இப்போது சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரை போகிறார்.

நின்றுகொண்டு குடித்தால் மூட்டு தேயும் என்று அவரிடம் யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். குடித்த தண்ணீர் குடல் வழியாக ரத்தத்துக்குத்தான் போகிறது, நின்றாலும் உட்கார்ந்தாலும் முழங்காலுக்குத் தனி வழி கிடையாது.

—

என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. "நிறையக் குடி" என்று யாராவது அன்போடு சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே நிலைதான். தேங்கும் நீர் காலிலும் நுரையீரலிலும் சேரும். அவருக்கான நாள் அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்துவிடுகிறோம். மாத்திரைக்கும் அதிலிருந்துதான். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குகிறார். ரொம்பத் தாகமென்றால் ஒரு பனிக்கட்டியைச் சப்புகிறார், அதையும் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உப்பைக் குறைத்த பிறகு தாகமே பாதியாகிவிட்டது. இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் உப்பில் கை வையுங்கள்.