மறு: சீம் லைனுக்குத் தமிழ்ச்சொல் (கொஞ்சம் அவசரம்)

நண்பர்களுக்கு வணக்கம். பிளாஸ்டிக் விமான மாதிரி செய்யும் வகுப்புக்கான குறிப்பேட்டைத் தமிழாக்குகிறேன். ‘பிழை திருத்தம்’ பகுதியில் மாட்டிக்கொண்டேன். விமான உடலின் இரு பாதிகளை ஒட்டியதும் முதுகில் நெடுக ஒரு கோடு தெரியுமே, சீம் லைன், அதை அழிக்க வேண்டும். தகடுகள் சேருமிடத்தைக் காட்ட அச்சிலேயே பதித்திருக்கும் பேனல் லைனை அழிக்கக் கூடாது. நான் இரண்டுக்குமே ‘இணைப்புக் கோடு’ என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். ஒரு மாணவி எல்லாக் கோட்டையும் பட்டி வைத்து அடைத்து, 400ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, 1/72 அளவு விமானத்தை முட்டை மாதிரி வழவழவென்று கொண்டுவந்து காட்டினாள். தப்பு அவளுடையதல்ல. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

---

> சீம் லைன்

தையல் என்னும் சொல் இருக்க ஏன் அலைய வேண்டும்? தை என்னும் வேர் ஊசிக்கு மட்டும் உரியதன்று. முள்ளும் தைக்கும்; இலையையும் தைப்போம். தச்சனே தைச்சன்தான் என்பது என் துணிபு. ஆகவே ‘தையல்வரி’.

---

> தச்சனே தைச்சன்தான்

தச்சனைக் குறிக்கும் வடமொழித் தக்ஷனை எங்கே ஒளித்துவைத்தீர்கள், ஐயா? சரி, அந்தப் பழைய சண்டை இப்போது வேண்டாம். தையல் பெண்ணுக்கும் பெயர். ‘தையலை நன்றாகத் தேய்க்கவும்’ என்று அச்சில் வந்தால் நான் பொறுப்பல்ல. மரவேலையில் ‘மூட்டுவாய்’ என்ற சொல் இருக்கிறதே. வாய் பிளந்திருந்தால் அடை, பிதுங்கியிருந்தால் சீவு. பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

---

இரண்டு பாதி சேர்வது புணர்ச்சியன்றி வேறென்ன? பட்டி பூசினால் தோன்றல். தேய்த்தால் கெடுதல். கோணிய இறக்கையை வெந்நீரில் காட்டி நிமிர்த்தினால் திரிதல். பட்டியே கேட்காத கிட் அமைந்தால் அது இயல்பு புணர்ச்சி (எனக்கு இதுவரை வாய்த்ததில்லை). ‘புணர்வரி’ என்க.

---

> ‘புணர்வரி’ என்க

எட்டாம் வகுப்பில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்குப் பாடம் நடக்காது.

‘மூட்டுவாய்’க்கு என் ஓட்டு, ஒரு முணுமுணுப்போடு. மாதிரிக்கான சிமெண்ட் வெறும் பசையல்ல. மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே இளக்கி இரண்டு விளிம்பையும் ஒன்றாக்கிவிடும். பூசி அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாகப் பிதுங்கி நிற்கும். ஒரு நாள் காயவிட்டுச் சீவினால் மூட்டும் இல்லை, வாயும் இல்லை. காயுமுன் கை வைத்தால் பள்ளம்தான்.

பட்டியும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதானே, தச்சர்கள் ஓட்டை அடைக்கும் ‘மக்கு’ என்று எழுதலாமே என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: ‘மக்கு, இதை வை’ என்று படித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது அழும்.

---

அனைவருக்கும் நன்றி. சீம் லைன் மூட்டுவாய், பேனல் லைன் தகட்டுவரி. இப்படியே அனுப்பப் போகிறேன். பட்டி பட்டியாகவே இருக்கட்டும்.

---

தையல்வரிக்கான என் வாதம் அப்படியே நிற்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்.

---

அனுப்புமுன் ஒன்று. பாதிகள் சற்று நழுவி ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் மேடேறி நிற்குமே, அதற்கு என்ன பெயர்? அதுவும் மூட்டுவாய் என்றால் மறுபடி பட்டியைத்தான் எடுப்பார்கள். அங்கே மேட்டைச் சுரண்ட வேண்டும். ‘படி’ என்று வைக்கலாமா?

---

படி என்பது வினையுமாகும். தனி இழையில் பேசுவோம்.