தினமும் இரண்டு மூன்று ரூபாய் குறைகிறது, டிபக்கரில் பிடிபடவில்லை

கோட்டையூரான்:
காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்குப் பைத்தானில் பில்லிங் எழுதிக் கொடுத்தேன். கடை ஆச்சி அதை நம்பாமல் நோட்டில் தனியாகச் சிட்டை எழுதுகிறார், ராத்திரி ஒத்துப் பார்த்தால் என் கணக்கில் இரண்டு மூன்று ரூபாய் குறைவு. கூடியதே இல்லை, குறைவு மட்டும்தான். எல்லா இடத்திலும் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டேன், விஎஸ் கோடு டிபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவி) வரி வரியாக நகர எஃப்10 தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. நூறு பில்லில் தப்பானது வரும்போது கைப்பழக்கத்தில் தாண்டிவிடுகிறேன்.

பள்ளத்தூர்வாசி:
ஃப்ளோட் (பைனரியில் சேமிக்கும் தசம எண்) பிரச்சினைதான் தம்பி. 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 வரும். பைசாவைப் பிசகாமல் வைக்கும் டெசிமல் வகைக்கு மாறுங்கள்.

தேவகோட்டை டெவ்:
காரணம் தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். முதலில் ஆச்சியின் சிட்டையை வாங்கி ஒவ்வொரு பில்லாக ஒப்பிடுங்கள், அதைவிட நல்ல டிபக்கர் உங்களிடம் இல்லை. அப்புறம் தொகையை முழு ரூபாயாக ரவுண்ட் செய்யும் வரியில் பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைத்து, அதன்மேல் வலது கிளிக் செய்து, தொகையில் பைசா இருந்தால் மட்டும் நிற்கும்படி நிபந்தனை கொடுங்கள். மற்ற பில்களில் நிற்காது.

கோட்டையூரான்:
அண்ணே, மாட்டிக்கொண்டது! 2,250 ரூபாய் சேலை, 5 சதவீதம் ஜிஎஸ்டியோடு 2,362.50. ஆச்சி 2,363 எழுதியிருக்கிறார், என் பில்லில் 2,362. ஆனால் 1,350 ரூபாய் சேலைக்கு 1,417.50, அது மட்டும் 1,418 என்று ஒழுங்காக வருகிறது. தலை சுற்றுகிறது.

தேவகோட்டை டெவ்:
அப்படியானால் ஃப்ளோட் மேல் பழியில்லை, .50 பைனரியில் துல்லியமாகவே நிற்கும். பைத்தான் 3-இல் ரவுண்ட் சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், அதனால் 2,362.50 கீழே இறங்கியது, 1,417.50 மேலே ஏறியது. பைத்தானின் பிழை இல்லை, ஆவணத்திலேயே இருக்கிறது. ஆச்சி 50 பைசா என்றால் மேலே ஏற்றுகிறார், கடைக்கு அதுதான் வழக்கம். இப்போது டெசிமலுக்கு மாறுங்கள், ஆனால் அதில் ரவுண்ட் செய்யும் குவான்டைஸில் ரவுண்ட் ஹாஃப் அப் (சரிபாதி என்றால் மேலே) என்று நீங்களே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அங்கேயும் இதே இரட்டைப்படைக் கதைதான். விலையை ஃப்ளோட்டாகக் கொடுக்காமல் சரமாக (மேற்கோள் குறிக்குள் எழுத்தாக) கொடுங்கள். அந்த இரண்டு சேலையையும் டெஸ்டாக எழுதி வையுங்கள்.

பள்ளத்தூர்வாசி:
அட, நான் அவசரப்பட்டுவிட்டேன்.

கோட்டையூரான்:
மாற்றியாயிற்று, நேற்று ராத்திரி ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. இனிச் சிட்டை வேண்டாமே என்றேன். "ஒரு மாசம் போகட்டும்" என்கிறார் ஆச்சி.