ஹாப் அடுப்பு: மேடைக்கு அடியில் நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

சமையலறையை மாற்றிக் கட்டுகிறோம். இதுவரை மேடைமேல் வைக்கும் அடுப்பில்தான் சமைத்து வந்தோம். இந்த முறை கல்லை வெட்டி உள்ளே பதிக்கும் ஹாப் வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. விசாரித்த இடங்களில் எல்லாம் எத்தனை பர்னர், கண்ணாடி பளபளப்பா மங்கலா என்பதையே பேசுகிறார்கள். அடியில் என்னென்ன வேலை இருக்கிறது என்று கேட்டால், "அதைப் பொருத்த வருபவர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பழைய அடுப்பில் குழாய் கண்ணெதிரே கிடந்தது. வெடிப்பு விட்டால் உடனே தெரிந்துவிடும். ஹாப்பில் பாதி அடுப்பு அலமாரிக்குள் மறைந்துவிடுகிறது. வயதான மாமியாரும் ஓடியாடும் பிள்ளைகளும் இருக்கும் வீடு. பயன்படுத்துபவர்கள், பொருத்துபவர்கள் யாராயினும் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்.

*

அக்கா, ஹாப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கீழ் அலமாரியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்ப்பேன். கண்ணாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு அப்புறம்தான் அதைக் கவனிப்பேன். காரணம் இருக்கிறது.

ஒரு வீட்டில் "அவ்வப்போது கேஸ் வாடை வருகிறது, பிறகு போய்விடுகிறது" என்று அழைத்தார்கள். அடுப்பில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு நேர் கீழே கரண்டிகள் வைக்கும் இழுப்பறை. அதை முழுவதும் கழற்றி வெளியே வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இழுப்பறையின் பின்பலகை ஒவ்வொரு முறை மூடும்போதும் ரப்பர் குழாயில் உரசியிருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்கு மேல்தோல் தேய்ந்து, உள்ளிருக்கும் கம்பி வலை மின்னியது. சோப்பு நீரைத் தடவினேன்; வலையின் இடுக்கிலிருந்து சிறு சிறு குமிழ்கள் கிளம்பின. இழுப்பறை திறந்திருக்கும்போது குழாய் நேராக நிற்கிறது, கசிவில்லை. மூடும்போது வளைகிறது, கசிகிறது. வாடை வந்து வந்து போனதன் காரணம் அதுதான். வால்வை மூடி, குழாயை மாற்றி, தச்சரை வரவழைத்து இழுப்பறையின் ஆழத்தைக் குறைத்த பிறகே அங்கிருந்து கிளம்பினேன். ஹாப்புக்கு நேர் கீழே இழுப்பறை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை கட்டாயம். ஹாப்பின் அடித்தகடு சூடாகும். பலகைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

அடுத்து, கசிந்த வாயு எங்கே போகும் என்பது. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. அதில் கலந்திருக்கும் புரொப்பேன் காற்றைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கு எடை. ஆகவே அது மேலே ஏறி ஜன்னல் வழியாகப் போய்விடாது. அலமாரியின் தரையில் படியும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். மூடிய அலமாரிக்குள் அந்த அளவு சேர பெரிய கசிவு தேவையில்லை. அதனால்தான் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். அழகு கெடுகிறது என்று தச்சர்கள் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் மீத்தேன் என்பதால் காற்றைவிட இலேசாக இருந்து மேலே தேங்கும். அதற்குத் துளை மேற்பகுதியில் வேண்டும்.

உங்கள் வீட்டில் எந்த வாயு என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்.பி.ஜி. சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வரும், இயற்கை எரிவாயு சுமார் 20 மில்லிபாரில். பர்னருக்குள் வாயுவை விடும் துளையுள்ள சிறு திருகுதான் ஜெட்; இரண்டுக்கும் அது வேறு. பித்தளை ஜெட்டின் தலையில் சிறிய எண் பொறித்திருக்கும். துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் எத்தனை பங்கு என்பதையே பெரும்பாலும் அந்த எண் காட்டுகிறது. இயற்கை எரிவாயுவுக்கான பெரிய ஜெட்டில் எல்.பி.ஜி. போனால் சுடர் மஞ்சளாக உயர்ந்து எரியும், பாத்திரம் கரிப்பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உண்டாகும். மாற்றும்போது ஜெட்டை மட்டும் மாற்றினால் போதாது. சிம்மில் எரியும் அளவைத் தீர்மானிக்கும் சிறு திருகையும் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் வருபவர்கள் விட்டுவிடும் வேலை இது. நீங்களே கேட்டுச் செய்ய வையுங்கள்.

கல் வெட்டும் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹாப் வீட்டுக்கு வந்து சேராமல் மேடையை வெட்ட விடாதீர்கள். வெளிக் கண்ணாடியின் அளவு வேறு, துளையின் அளவு வேறு. துளை பெரிதாகிவிட்டால் கண்ணாடி உட்கார விளிம்பு இருக்காது. மூலைகளைச் சற்று வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் கல் விரிசல் விடத் தொடங்கும். சுற்றிலும் பெட்டியோடு வரும் பஞ்சுப் பட்டையை ஒட்டினால் போதும். சிலிக்கோன் பசை போட்டு ஒட்டிவிட்டால், பிறகு பழுது பார்க்க எடுக்கும்போது கண்ணாடி உடையும். அடியில் பிடிக்கும் கிளாம்புகளையும் மிதமாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் முறுக்க வேண்டும்.

*

எங்கள் வீட்டில் கண்ணாடியே உடைந்தது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம்; அடுப்பு அணைத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. பெரிய சத்தம் கேட்டு எழுந்து வந்தால் மேடை முழுவதும், தரையிலும் கல்கண்டு போலக் கண்ணாடித் துகள்கள். பர்னர்கள் மட்டும் தகட்டில் அப்படியே நின்றன. யாருக்கும் காயமில்லை என்பதே பெரிய நிம்மதி. ஆனாலும் அதற்குப் பிறகு அடுப்பருகே நிற்கவே என் மனைவி பயப்படுகிறார். வாயு எதுவும் வெடிக்கவில்லை, சிலிண்டர் மூடித்தான் இருந்தது. விற்றவர்களைக் கேட்டால் எதையோ போட்டிருப்பீர்கள் என்கிறார்கள். யாரும் எதையும் போடவில்லை. அப்படியிருக்க எப்படி உடையும்?

*

கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததுபோல் நடக்கக்கூடும். ஹாப்பில் வருவது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாகப் பீய்ச்சிக் குளிரவைப்பார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிடும், உட்புறம் பின்னால் குளிர்ந்து சுருங்கும். அதனால் மேற்பரப்பு அமுக்கத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக நிற்கும். நாணேற்றிய வில் மாதிரி அந்தக் கண்ணாடிக்குள் எந்நேரமும் விசை அடங்கியிருக்கிறது. மேலே இருந்து வரும் அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு கீறல் நடுப்பகுதி வரை எட்டிவிட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் துகளாகிவிடும். மிகவும் பலவீனமான இடம் விளிம்பு. பொருத்தும்போது கல்லில் இடித்து விளிம்பில் சிறு சில்லுப் பெயர்ந்திருந்தால், அன்றே உடைய வேண்டும் என்பதில்லை. சூடாவதும் ஆறுவதுமாகப் பலமுறை நடந்து, பிறகு ஒரு நாள் உடையலாம். உற்பத்தியின்போது உள்ளே தங்கிவிடும் நிக்கல் சல்ஃபைடு துகள் மெதுவாகப் பருத்தும் இப்படி உடைப்பது உண்டு. எனவே வீட்டார்மேல் பழியைப் போடுவது நியாயமில்லை.

துகள்கள் கூர்முனை இல்லாமல் சிறிதாக உதிர்ந்ததும் இந்தக் கண்ணாடியின் குணம்தான்; கத்திபோன்ற பெரிய சில்லுகளாக உடையாமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். உடைந்த அடுப்பைப் பர்னர் நிற்கிறதே என்று மறுநாள் பற்றவைத்துவிடாதீர்கள்.

நாம் கவனிக்கக்கூடியவையும் இருக்கின்றன. பாத்திரம் தாங்கும் இரும்புச் சட்டத்தின் கால்களில் சிறிய ரப்பர் குமிழ்கள் இருக்கும். கழுவும்போது அவை கழன்று தொலைந்துபோகும். பிறகு இரும்பு நேராகக் கண்ணாடியில் உரசும். விலை குறைந்த அந்தக் குமிழை உடனே வாங்கிப் போட்டுவிடுங்கள். பர்னரைவிட மிக அகன்ற பாத்திரத்தை வைத்து நெடுநேரம் முழுச் சுடரில் எரித்தால், வெப்பம் பக்கவாட்டில் போக வழியின்றிக் கண்ணாடிக்கே திரும்பும்.

*

துடைப்பது என் பங்கு. நான் தினமும் பெரிய சமையல் செய்பவள்; பொங்கி வழிவதும் எண்ணெய் தெறிப்பதும் அன்றாடம். அடுப்பு ஆறிய பிறகே ஈரத்துணியை எடுப்பேன். சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் படக்கூடாது. கம்பி நார் கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது. காய்ந்து ஒட்டியிருப்பதன்மேல் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, ஈரத்துணியைப் போர்த்திவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் தானாக இளகிவிடும். தண்ணீரை ஊற்றிக் கழுவும் பழக்கம் மட்டும் ஹாப்புக்கு ஒத்துவராது. அடுப்பைத் திருகும் குமிழின் தண்டு வழியாக நீர் உள்ளே இறங்கினால் பற்றவைக்கும் மின்பொறி நிற்காமல் "டிக் டிக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பர்னர் மூடியை வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் ஊறவைப்பேன். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விளிம்பைச் சுற்றிப் பார்ப்பேன். அடைபட்ட துளை கறுப்பாகத் தெரியும், திறந்த துளையில் ஒளி வரும். மெல்லிய ஊசியால் மெதுவாகத் தள்ளினால் போதும், குடைந்து பெரிதாக்கக்கூடாது. பல் குத்தும் குச்சி வேண்டாம், நுனி உள்ளேயே முறிந்து நின்றுவிடும். நன்றாகக் காய்ந்தபின் வைத்து, விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த மூடி ஆடாது. சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் நாக்கு நீளும். சில நேரம் சுடர் மூடிக்குக் கீழே நுழைந்து கண்ணாடியைச் சுடும். பற்றவைத்ததும் வட்டம் முழுவதும் நீலமாக வருகிறதா என்று ஒரு கணம் குனிந்து பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

பளபளப்பாக இருக்கட்டும் என்று பர்னரைச் சுற்றி அலுமினியத் தாள் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று போகும் வழியை அது அடைக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

*

மாமியார் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள் அம்மா. நான் தனியாக வாழும் முதியவன். எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் அமைப்பு. எல்லா ஹாப்பிலும் அது இருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். பர்னர் பக்கத்தில் இரண்டு சிறிய முனைகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் உறையோடு இருப்பது பொறி தட்டுவது. உலோகமாக இருக்கும் மற்றது வெப்பமின்னிரட்டை, தெர்மோகப்பிள் என்பார்கள். வேறு வேறு உலோகங்கள் சேரும் அந்த நுனி சூடானால் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். அவ்வளவு சிறிய மின்சாரம்தான் உள்ளே ஒரு மின்காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் போனால் நுனி ஆறும், வால்வு மூடும்.

சிம்மில் வைத்துவிட்டு அடுத்த அறையில் இருந்தேன். ஜன்னல் காற்றில் சுடர் அணைந்திருக்கிறது. திரும்பி வந்தபோது குமிழ் திறந்த நிலையில் இருந்தும் வாடையே இல்லை. உடனே மூடிவிடாது, நுனி ஆறச் சற்று நேரம் பிடிக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பற்றவைத்த பிறகு குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வதும் நுனி சூடாகத்தான். கையை எடுத்தவுடன் அணைந்துகொண்டே இருந்தால், முதலில் அந்த நுனியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. காற்றுத் துளை பற்றித் தச்சரிடம் பேசிவிட்டேன், இழுப்பறைத் திட்டத்தையும் கைவிட்டோம். தம்பி, இன்னும் இரண்டு சந்தேகம்: மூடும் வால்வை எங்கே வைக்கச் சொல்வது? வேலை முடிந்ததும் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

*

வால்வு அடுப்புக்கு நேர் பின்னால் வேண்டாம் அக்கா. தீ என்றால் அதைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. பக்கத்து அலமாரியில், சாமான் எதையும் நகர்த்தாமல் எட்டும் உயரத்தில் வையுங்கள். மாமியாருக்கும் எட்ட வேண்டும், அவரையே ஒருமுறை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம். நடுவில் இணைப்பு கூடாது, அடித்தகட்டைத் தொடக்கூடாது, முழு நீளமும் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். அதன்மேல் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்துபவர் கிளம்புவதற்கு முன் உங்கள் கண்ணெதிரில் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள். தீக்குச்சி கொளுத்திக் காட்டுகிறேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு எல்லாப் பர்னரையும் ஒன்றாக எரியவிட்டு, ஒவ்வொன்றையும் முழுச் சுடரிலிருந்து சிம்முக்குச் சட்டென்று திருப்பிப் பாருங்கள், அணையக்கூடாது. புகைபோக்கி எவ்வளவு உயரத்தில் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் 65 முதல் 75 சென்டிமீட்டர் கேட்பார்கள்.

என்றைக்காவது வாடை வந்தால் புகைபோக்கியைப் போடாதீர்கள், விளக்கு ஸ்விட்சையும் தொடாதீர்கள், அணைக்கவும்கூட வேண்டாம். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்தபின் அங்கிருந்து போன் செய்யுங்கள்.