குளிர்காலக் கடற்காகங்களைப் பிரித்தறிவது எப்படி?

அலைக்கரை:
மற்ற பறவைகளை ஓரளவு அடையாளம் கண்டுவிடுவேன், கடற்காகம் என்றால் மட்டும் தலை சுற்றுகிறது. பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் இரண்டுக்கும் பறவைக் கையேட்டில் தலையைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பார்த்தால் இரண்டும் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். போதாக்குறைக்குக் கூட்டத்திலேயே சிலவற்றுக்கு இறக்கையில் பழுப்புத் திட்டுகள். அவை வேறு இனமா?

உப்புக்காற்று:
தலையை விடுங்கள். கோடையிலும் இரண்டுக்கும் தலை பழுப்புதான், கருந்தலைக்குக் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவே. பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள். பழுப்புத்தலைக்கு நுனி நன்றாகக் கறுத்திருக்கும், அதற்குள் தெளிவான வெள்ளைப் புள்ளிகள். கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு நெடுக நீண்ட வெள்ளைப் பட்டை, கறுப்பு பின்விளிம்புப் பக்கமாக ஒதுங்கி நிற்கும். உட்கார்ந்திருந்தால் கண்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியது, கருந்தலைக்குக் கருமை. ஆனால் இளம் பழுப்புத்தலைக்கும் விழி கறுப்பாகத்தான் இருக்கும், நுனியில் அந்த வெள்ளைப் புள்ளிகளும் வந்திருக்காது.

நாணற்காடு:
அதனால்தான் இனத்துக்கு முன்னால் வயதைக் கேட்கச் சொல்வேன். நீங்கள் பார்த்த பழுப்புத் திட்டுப் பறவைகள் அநேகமாக அதே இனத்தின் முதலாண்டுக் குஞ்சுகள், வாலின் நுனியில் கறுப்புப் பட்டை இருந்ததா என்று பாருங்கள். இந்தச் சின்ன இனங்கள் இரண்டாவது குளிர்காலத்திலேயே வளர்ந்த தோற்றத்துக்கு வந்துவிடும், பெரிய கடற்காகங்களுக்கோ ஏறக்குறைய 4 ஆண்டு ஆகும், நடுவில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேஷம். அப்புறம் வெயிலில் இறகு வெளுக்கும் சங்கதி வேறு. கோடை நெருங்கும்போது முதலாண்டுப் பறவையின் பழைய இறகுகள் எந்தக் கையேட்டுப் படத்தோடும் பொருந்தாத அளவுக்கு வெளுத்துப் போகும்.

உப்புக்காற்று:
வயது முக்கியம்தான், ஆனால் புதிதாக வருபவரை நேரே அதில் இறக்கினால் ஓடிவிடுவார்! முதலில் உருவம். சப்பையாகச் சரியும் நெற்றி, நீண்ட கழுத்து, நீண்ட மெல்லிய அலகு, கண்ணுக்குப் பின்னால் புள்ளி மங்கல் என்றால் மெல்லலகுக் கடற்காகமாக இருக்கலாம். பக்கத்தில் நிற்பதையெல்லாம் குள்ளமாக்கும் பெரிய பறவை, கண்ணைச் சுற்றி அழுக்குத் திட்டு, கண்ணின் மேலும் கீழும் வெள்ளைக் கீற்று, நீண்ட சரிவு நெற்றி என்றால் அது பெரிய கருந்தலைக் கடற்காகம், மேலே சொன்ன கருந்தலையிலிருந்து வேறான இனம்.

அலைக்கரை:
சரி, கால் நிறத்தை நம்பலாமா? முதுகின் சாம்பல் நிறத்தை?

நாணற்காடு:
கால் நிறத்தை வளர்ந்த பறவையில் மட்டும். பெரிய இனங்களில் வளர்ந்தபின் மஞ்சள் காலோடு நிற்பதும் இளமையில் இளஞ்சிவப்புக் காலோடுதான் திரியும். சாம்பல் நிறத்தைத் தனியாக நிற்கும் பறவையில் மதிப்பிடாதீர்கள், வெயில் திரும்பினால் நிறமும் மாறித் தெரியும். ஒரே வெளிச்சத்தில், ஒரே பக்கம் திரும்பி நிற்கும் இரண்டை ஒப்பிட்டால் பலன் உண்டு. முடிந்தால் இறக்கை முழுதாக விரியும் நொடியில் நாலைந்து படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.