மறு: மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க் கையேடு: நுண்சூழலா, கட்டிச்சுற்றமா?

அனைவருக்கும் வணக்கம். புற்றுக்கட்டியைச் சுற்றியுள்ள அணுக்களையும் பொருள்களையும் சேர்த்துக் குறிக்கும் 'டியூமர் மைக்ரோஎன்விரான்மென்ட்' என்பதற்கு, நோயாளிகளுக்கான நம் கையேட்டில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> நுண்சூழல் போதுமே, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதுதானே?

அண்ணா, பழகிய சொல்லை மாற்ற எனக்கும் மனம் வராது. ஆனால் இந்த நோய்க்கு அது ஒத்துவரவில்லை. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் வரும் இந்தப் புற்றில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குப் பெரும் பங்குண்டு. அதைச் சொன்ன கையோடு 'நுண்சூழல்' என்று எழுதினால் நுண்ணுயிர்தான் நினைவுக்கு வரும். பினாங்கில் வரைவைப் படித்த ஓர் அம்மா, "அப்போ கிருமி மருந்து கொடுத்தாலே சரியாகிடுமா?" என்று கேட்டார்.

அக்கா சொன்ன 'புற்றுச்சூழல்' அழகான சொல். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் 'சுற்றுச்சூழல்' என்றே காதில் விழுகிறது. காதடைப்பும் கேள்விக்குறைவும் இந்த நோயில் சகஜம் என்பதையும் பார்க்க வேண்டும்.

கட்டியின் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால், புற்றணுக்களுக்கிடையே நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நிணவணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 'லிம்போ' என்பது நிணத்தைக் குறிக்கும்; முன்பு இதற்கு 'லிம்போஎபிதீலியோமா' என்றே பெயர். எதிர்க்க வந்த அணுக்கள்தாம் அவை. ஆனால் புற்றணு தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டுகிறது. அது நிணவணுக்களில் ஒரு வகையான டி அணுவின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தில் பொருந்தியதும் டி அணு ஓய்ந்துவிடுகிறது. வேறு சில அணுக்களோ கட்டிக்கே துணைபோகின்றன. டோரிபலிமாப் மருந்து பிடி-1-ஐ மறித்து அந்தப் பிணைப்பைத் தடுக்கிறது. பரவிய நோய்க்கு ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டோடும் சேர்த்துக் கொடுக்க 2023 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. இந்த மருந்து குறிவைப்பது புற்றணுவை அல்ல, அதைச் சுற்றி ஓய்ந்து நிற்கும் நம் அணுவை. நோயாளிக்கு இது புரிந்தால் சிகிச்சையே புரிந்த மாதிரி.

அதனால்தான் 'கட்டிச்சுற்றம்' என்கிறேன். சூழல் என்றால் வெறும் நிலைமை. சுற்றம் என்றால் உயிருள்ளவை, நம்மவை, பக்கம் மாறக்கூடியவை. சுற்றம் நல்ல சொல்லாயிற்றே, நோய்க்கு வைக்கலாமா என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த அணுக்கள் நோயாளியின் சொந்த அணுக்கள்தாமே!

ஆக்சிஜன் குறைவு, அணுக்களுக்கு இடையிலுள்ள நார்ப்பொருள் எல்லாம் இதில் அடங்குமா என்று கோலாலம்பூர் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. முழுதாக அடங்காது. ஆய்வுக் கட்டுரைகளில் நுண்சூழல் இருந்துவிட்டுப் போகட்டும். கையேட்டில் கட்டிச்சுற்றம் வரட்டும்.

'கட்டிச்சுற்ற அணுக்கள்' என்று அடையாகவும் எளிதாக வருகிறது. சேர்த்தே எழுதுவோம், பிரித்தால் 'கட்டிச் சுற்றும்' என்று எழுத்துப்பிழை நுழைந்துவிடும். அச்சுக்குப் போகுமுன் மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பிடி-1 போல எதிர்ப்பு அணுவை அடக்கிவைக்கும் தடைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'இம்யூன் செக்பாயின்ட்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து