பழைய லேப்டாப்புக்கு மின்ட் போட்டா கமாண்ட் அடிக்கவே வேணாமா? யார்கிட்ட சொல்றீங்க?

ஜெராக்ஸ்கடைக்காரன்: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு, விண்டோஸ் 10 கதை முடிஞ்சது, பழைய லேப்டாப்ப தூக்கிப் போடாதீங்க, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடுங்க, ஒரு கமாண்ட் கூட அடிக்க வேணாம், பாட்டி கூட ஓட்டலாம்னு. படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. பதினாலு வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், இதே மாதிரி பேச்ச நம்பி போன மாசம் கடை சிஸ்டம் ஒண்ணுல மின்ட் போட்டேன், நெட் ஓடிச்சு, வீடியோ ஓடிச்சு, லேசர் பிரிண்டர் மட்டும் அசையல. ஞாயித்துக்கிழமை பூரா டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கிற திரையில, உக்காந்து சூடோ சூடோன்னு கமாண்டா அடிச்சும் ஒரு பக்கம் வரல. திங்கக்கிழமை காலையில ஹால் டிக்கெட் எடுக்க பசங்க வரிசையில நிக்குதுங்க. கமாண்ட் அடிக்க வேணாமாம்!

பெங்குவின்பிரியன்: அத எழுதுனது நான்தான். பிரிண்டர் என்ன மாடல்? பழைய லேசர் பிரிண்டர்ல சிலது எல்லா வேலையையும் கம்ப்யூட்டர் தலையில கட்டுற வகை, அத ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர கம்பெனி ஒழுங்கா குடுத்தாதான் ஓடும், அது லினக்ஸ் தப்பு இல்ல. ஏர்பிரிண்ட்ங்கிற வசதி இருக்கிற பிரிண்டர்னா தனியா டிரைவரே வேணாம், லினக்ஸ்ல பிரிண்ட் வேலைய பாக்குற கப்ஸ் சாஃப்ட்வேர் தானா கண்டுபிடிச்சிடும். நான் சொன்ன முக்கியமான விஷயத்த விட்டுட்டீங்களே. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல் பிராசசர்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைலேர்ந்துதான் ஏத்துக்கும். 2016ல லேப்டாப் வாங்குனவன் என்ன பண்ணுவான்?

ஜெராக்ஸ்கடைக்காரன்: மைக்ரோசாஃப்ட்கிட்ட பேர் குடுத்தா விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வருது தம்பி, அது தெரியாதா? டிபிஎம்ம விடுங்க. கேட்டது ஒண்ணுதான், கமாண்ட் அடிச்சேனா இல்லையா?

மேக்மணி: ரெண்டு பேரும் எதுக்கு சண்ட போடுறீங்க, மேக் வாங்குங்க. பிரிண்டர சொருகுனா ஓடும், தமிழ் அடிக்க தமிழ்99 கீபோர்டு கூடவே வருது.

பெங்குவின்பிரியன்: மேக்ல பிரிண்ட் எடுக்கிறதே கப்ஸ் வழியாதான் ப்ரோ. 2007லயே ஆப்பிள் அத வாங்கியாச்சு. லினக்ஸ்ல இருக்கும்போது மட்டும் கஷ்டம், ஆப்பிள் போட்டா சொர்க்கமா?

ஜெராக்ஸ்கடைக்காரன்: மேக்மணி சார், ஒரு பக்கம் பிரிண்டுக்கு நான் வாங்குறது அஞ்சு ரூபா. மேக் காச எடுக்க எத்தன பக்கம் அடிக்கணும்னு கணக்குப் போட்டுட்டு வந்து பேசுங்க.

மேக்மணி: தரமான பொருள் வேணும்னா காசு போடணும். பத்து ரூபாய்க்கு பிரியாணி கேட்டா எப்படி?

ஜெராக்ஸ்கடைக்காரன்: இன்னொண்ணு. எனக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் பாதி வருமானம், அதுக்கு கோரல்டிரா சாஃப்ட்வேர் வேணும். மின்ட்ல எங்க இருக்கு? பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் ஆயிரக்கணக்குல கெடக்கு.

தமிழ்டீச்சர்: இன்னுமா பாமினி? எல்லா போன்லயும் தெரியுற யூனிகோடுல அடிங்கன்னு எத்தன வருஷமா கத்துறோம். அந்த ஃபான்ட் இல்லாத போன்ல தெறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கெடக்கும், ஒரு வார்த்தை தேட முடியாது. உங்கள மாதிரி கடைக்காரங்களாலதான் தமிழ் இணையத்துல பின்னாடி நிக்குது.

ஜெராக்ஸ்கடைக்காரன்: டீச்சர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் மேல தமிழப் பின்னுக்குத் தள்ளுன பழியப் போடாதீங்க. மாப்ள வீட்டுக்காரரு கேக்குற எழுத்து அதுலதான் இருக்கு, நான் என்ன பண்ண?

பெங்குவின்பிரியன்: கோரல்டிரா 9 லினக்ஸுக்கு 2000லயே வந்துச்சு. அப்புறம் கம்பெனிதான் கைவிட்டான். இப்ப அதுக்குப் பதிலா இலவசமா இங்க்ஸ்கேப் இருக்கு, ஒரு வாரம் கத்துக்கிட்டா போதும்.

ஜெராக்ஸ்கடைக்காரன்: 2000ல வந்தத வச்சு நாளைக்கு காதுகுத்து ஃப்ளெக்ஸ் அடிக்க முடியுமா? ஒரு வாரம் கடைய மூடிட்டு கத்துக்கணுமா? வாடகைய நீங்க குடுக்குறீங்களா? பசங்களுக்குக் குடுத்த அரசு லேப்டாப்ல விண்டோஸோட, இந்தியாவுலயே உருவாக்குன பாஸ் லினக்ஸும் சேத்துதான் குடுத்தாங்க. என் கடைக்கு வந்த பசங்கள்ல ஒருத்தன் அதத் தெறந்து நான் பாத்ததில்ல.

பெங்குவின்பிரியன்: நான் அந்த லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் ஓட்டித்தான் படிச்சேன், இன்னிக்கி அதுலதான் சோறு திங்குறேன். உங்க கடைக்கு வரலன்னா ஊர்ல ஒருத்தனும் இல்லன்னு ஆகிடுமா? ஒண்ணு கேக்குறேன், உங்க கடை விண்டோஸும் கோரலும் காசு குடுத்து வாங்குனதா?

ஜெராக்ஸ்கடைக்காரன்: ஓ, இப்ப போலீஸ் வேலையும் பாக்குறீங்களா? விண்டோஸ் லேப்டாப்போட வந்தது, பில் இருக்கு.

பெங்குவின்பிரியன்: கோரலுக்கு?

ஜெராக்ஸ்கடைக்காரன்: பேச்ச மாத்தாதீங்க. கமாண்ட் அடிக்காம என் பிரிண்டர் ஓடுமா ஓடாதா? ஆமா இல்ல, ஒரே வார்த்தை.

தமிழ்டீச்சர்: ஃபான்ட் பத்தி நான் சொன்னதுக்கு பதில் வரல.

மேக்மணி: பதிமூணு கமென்ட் தாண்டியாச்சு, இந்நேரம் மேக்ல நூறு பக்கம் எடுத்திருப்பேன்.

பெங்குவின்பிரியன்: மொதல் கமென்ட்லயே மாடல் என்னன்னு கேட்டேன். அத சொல்லாம ஆமாவா இல்லையான்னா நான் என்ன ஜோசியமா பாக்குறது? மாடல் நம்பர் சொல்லுங்க.

ஜெராக்ஸ்கடைக்காரன்: மாடல் நம்பர் எதுக்கு? பாட்டி கூட ஓட்டலாம்னு சொன்னது நீங்க. பாட்டி மாடல் நம்பர் பாத்துட்டா பிரிண்டர் வாங்கும்?